எட்டடி வேலி

எண்பதுகளின் தொடக்கத்தில், சித்தி எங்கள் ஊருக்கு நிலம் அளக்கும் டேப்போடு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. சித்தி அம்மாவின் தங்கை. கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மரத்தைத் தனியாக, பறவையைத் தனியாகப் பார்க்காமல், மலையும் வயலும் வேலியும் ஏரியும் எப்படிக் கோத்துக் கிடக்கின்றன என்று பார்க்கும் படிப்பாம். நிலத்தோற்றச் சூழலியல் என்று பேர். வெளிநாட்டுக்காரர்களே அப்போதுதான் அதைப் பெரிதாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு எப்படிப் புரியும்? "அம்மிணி சர்வே படிக்குது" என்று அப்பா எல்லோரிடமும் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார்.

எங்கள் தோட்டத்துக்கும் பெரியப்பா தோட்டத்துக்கும் நடுவே பழைய கிளுவை முள்வேலி ஒன்று, மலையடியிலிருந்து பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கமாக ஓடியது. அதன் அகலத்தைச் சித்தி அளந்தாள். டேப்பின் நுனி என் கையில். பெருமை தாங்காமல் நேராகப் பெரியப்பாவிடம் போய், "வேலி எட்டடி இருக்குதுங்க பெரியப்பா, சித்தி எழுதிக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த முறுக்கையும் தின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பெரியப்பா அரிவாளும் இரண்டு ஆட்களுமாக வேலியோரம் நின்றார். வேலியை வேரோடு எடுத்துவிட்டு, சரிபாதியில் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கப் போகிறாராம். சித்தி வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளுடைய இரண்டு வருஷப் படிப்பே அந்த வேலியை நம்பித்தான் இருந்தது.

"என்ற தம்பிக்கு அளந்து குடுக்கத்தான வந்தே, அம்மிணி?"

"இல்லீங்க மாமா. இதப் பாருங்க, ஆரு பேராச்சும் இருக்குதுங்களா?"

இல்லைதான். மலையிலிருந்து ஏரிவரை வேலிகள் மட்டும் பச்சைப் பென்சிலில் கிளை பிரிந்து ஓடின. கௌதாரியும் கீரியும் இதற்குள் ஒளிந்தேதான் ஏரிக்கு வந்து போகின்றன, இங்கே அறுந்தால் வழியே போயிற்று என்றாள் சித்தி. எனக்கு அழுகை வந்தது. பெரியப்பா பச்சைக் கோட்டின் மேல் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப, என்ற வேலி இல்லாட்டி அதுகளுக்குப் போக்கிடமே இல்லீங்கறே?"

அவ்வளவுதான். ஆட்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு சந்தையில் கண்டவரிடமெல்லாம், மலையே தன் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறது என்று பெருமையடித்தார். முழு வேலியும் அவருடையதாகிவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்.

பெரியப்பாவின் கோபம் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போனது என்றுதான் நான் நினைத்தேன். அத்தனைக்கும் மூலம் நான் சொன்ன எட்டடி என்பது எனக்கு உறைக்கவில்லை. சித்திக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் டேப்பின் நுனியை என் கையில்தான் கொடுத்தாள்.