சூரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கம்

நாகல் நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பனுக்கு ஆடம்பரமான ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காட்டில் நடமாடும் ஒரு சிங்கத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, மிருகங்கள் வரும் சேனலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

அந்த ஆசை ஒன்றும் நடக்க முடியாததல்ல. சேலை எடுக்க அவன் வருடம் தவறாமல் சூரத் போகிறவன். அங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் கிர் காடு.

"வாரியா மாப்ள? எட்டிப் பாத்துட்டு வந்துருவம்" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிட்டான். வேறு யாராக இருந்தாலும் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். நான் புத்தகம் படிக்கிறவன்.

"அது சின்ன சிங்கம்டா," என்றேன். "ஆப்பிரிக்காச் சிங்கத்துக்கு உடம்பும் பெருசு, பிடரியும் பெருசு. நம்ம நாட்டுதுக்குப் பிடரி காதைக்கூட மறைக்காது. வயித்துல ஒரு மடிப்பு வேற தொங்கும்."

"உனக்குந்தான் தொங்குது. உன்னைய நான் தெனம் பாக்கலையா?"

இருந்தாலும் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தான். அது ஒன்றுதான் அவனிடம் இருந்த கோளாறு. பார்ப்பதென்றால் பெரியதையே பார்ப்பது என்று முடிவாயிற்று. இருவரும் பாஸ்போர்ட் எடுத்தோம். இன்றுவரை எந்த நாடும் அதில் முத்திரை குத்தவில்லை. தீபாவளிச் சரக்கு, கிறிஸ்துமஸ் சரக்கு, அவன் மகள் கல்யாணம், என் முதுகுவலி என்று ஆப்பிரிக்கா தள்ளிக்கொண்டே போனது.

பிறகு ஒரு நாள் கடைக்குள்ளேயே தடுக்கி விழுந்தான். பக்கத்தில் கிடந்த ஸ்டூல் தெரியவில்லை என்றான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போயிருக்கிறது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மிச்சமும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஒடுங்கிக்கொண்டு வந்தது.

"அப்ப சிங்கத்தை எப்பப் பாக்குறது?" என்றான், ஆஸ்பத்திரி வாசலிலேயே.

அந்த அவசரத்தில்தான் மறுபடி படித்தேன். மரபணுவை வைத்து உறவு பார்த்ததில் என் பழைய பட்டியல் கலைந்துபோயிருந்தது. பிடரியையும் மண்டையோட்டையும் அளந்து நாட்டுக்கொரு இனமாகப் பிரித்ததெல்லாம் இப்போது செல்லாதாம். கிர் சிங்கமும் மேற்கு ஆப்பிரிக்கச் சிங்கமும் ஒரே கிளையினம். கிழக்கிலும் தெற்கிலும் இருப்பவை இன்னொன்று. உருவத்தில் கிர் சிங்கம் சற்றுச் சிறியது என்பது உண்மைதான். அந்தச் 'சற்று' என்ற சொல்லை இத்தனை வருடமும் நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் ஒரு சேலையையே மடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சூரத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததே போதும்ங்குற."

"ஆமா."

"ஏலே, இதுக்கா இம்புட்டு வருசம் படிச்ச?"

அது மழைக்காலம். கிர் காட்டை மூடியிருந்தார்கள். திறக்கும்வரை அவன் கண் காத்திருக்கவில்லை. குலுங்கும் ஜீப்பில் இருந்துகொண்டு, காய்ந்த புல்லுக்குள் புல் நிறத்திலேயே படுத்திருக்கும் ஒன்றைத் தேடிப் பிடிக்க இனி அவனால் ஆகாது. ஆகவே ஒரு மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனேன். அகழிக்கு அந்தப் பக்கம் வெயிலில் ஓர் ஆண் சிங்கம் நின்றுகொண்டிருந்தது.

"தெரியுதா?"

"வாலு தெரியுது." தலையை மெதுவாகத் திருப்பினான். "இது இடுப்பு. இந்தா, மூஞ்சி வந்துருச்சு. ஆனா வாலு போயிருச்சு மாப்ள."

மொத்தச் சிங்கமும் அவன் கண்ணுக்குள் அடங்கவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தான். பிறகு இன்னொன்று. யார்மீதும் மோதிவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே பின்னால் நடந்தேன். நடைபாதையையும் தாண்டி ஒரு வேப்பமரத்தடிக்கு வந்த பிறகுதான் நின்றான்.

"இப்ப முழுசா இருக்கு."

அங்கிருந்து பார்த்தால் எனக்கே அது ஒரு நாய்க்குட்டி அளவுதான் தெரிந்தது.

"கிட்டக்க எம்புட்டுப் பெருசுடா இருக்கும்?"

"பெருசுதான்," என்றேன். "நெசமாவே பெருசு."

அது நடந்து போய்ப் பாறை மறைவில் படுக்கும்வரை அவன் தலையை அசைக்கவே இல்லை. அசைத்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.