சினிமா நகரத்தில் அம்மா சாத்தவிடாத கதவு

தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கம் ஒரு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான். வருஷம் முழுக்க ஊர் உலகத்துக்கெல்லாம் பட்டாசு செய்து அனுப்பிய கம்பெனிகள் கேட்டைச் சாத்திவிடும். போனஸ் கைக்கு வந்திருக்கும். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கே பார்த்தாலும் டூர் பஸ் நிற்கும். திருச்செந்தூர், பழனி என்று சாமி பேரைச் சொல்லிக் கிளம்புகிற பஸ்கள்தான் எல்லாம். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அம்மா வேலை பார்த்த கம்பெனியின் போர்மேனுக்கு என்ன தோன்றியதோ, ஹைதராபாத் பக்கம் இருக்கிற சினிமா நகரத்துக்கு டூர் என்று சொல்லிவிட்டார். சாமி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று வழியில் திருப்பதியையும் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இந்தச் செய்தியைக் கேட்டு அதிகம் துள்ளியது அத்தை. அப்பாவுக்கு அக்கா, எங்களோடுதான் இருந்தாள். டிவியில் எந்தப் பாட்டு வந்தாலும் அது எந்தப் படம், அதில் யாருக்கு யார் தங்கச்சி என்று சொல்லிவிடுவாள். அவள் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே பையை எடுத்து வைத்துவிட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது அம்மாதான். "அம்புட்டுக் கூட்டத்துல பிள்ளையக் கூட்டிக்கிட்டு எதுக்குங்க?" என்று அப்பாவிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். அம்மாவுக்கு அக்கா, அதே கம்பெனியில் வேலை பார்த்த பெரியம்மா வந்து, "நான் இருக்கேன்ல, வா" என்று சொன்ன பிறகுதான் சரி என்றாள்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் வாசலை ஒட்டித்தான் உட்காருவாள். பஸ்ஸில் முன் கதவுக்குப் பக்கத்து சீட். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசை. சினிமாத் தியேட்டருக்கு அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. "மகாராணிக்கு வாசக்காவல் உத்தியோகம்" என்று அத்தை கிண்டல் செய்வாள். அம்மாவுக்கு வாந்தி வரும் போலிருக்கிறது, அதனால்தான் இப்படி என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அம்மா வேலை பார்த்தது மருந்து அடைக்கிற ரூமில். மருந்து என்றால் எங்கள் ஊரில் வெடிமருந்து. காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. ஒரு ரூமுக்குச் சில பேர்தான் உட்காரலாம். எல்லாப் பக்கமும் வாசல் இருக்கும், ஆள் உள்ளே இருக்கும்போது எதையும் சாத்தக் கூடாது. அப்படிப்பட்ட இடத்திலேயே பொழுதைக் கழித்தவளுக்கு நாலு சுவரும் ஒரு கதவும் உள்ள இடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சினிமா நகரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு திருப்பத்தில் வெளிநாட்டுத் தெரு, அடுத்த திருப்பத்தில் ரயில்வே ஸ்டேஷன். ஸ்டேஷனில் தண்டவாளம் கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டது. ஒரு கோயிலைப் பார்த்ததும் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள். எழுந்து பார்த்தால் பின்பக்கம் கோயிலே இல்லை, முட்டுக்கொடுத்த கம்புகள்தான் நின்றன. "அதனால என்ன, கும்பிட்டது கும்பிட்டதுதான்" என்று தூசியைத் தட்டிக்கொண்டாள்.

அம்மாவுக்கு மட்டும் அந்தத் தெருவே பிடிக்கவில்லை. ஒரு பச்சைக் கதவின் பக்கத்தில் எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா அதை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தாள். அது கதவு இல்லை, சுவரில் வரைந்திருந்தார்கள். அடுத்த வீட்டுக் கதவையும் தள்ளினாள். அதுவும் அப்படித்தான். அதற்கப்புறம் அவள் போட்டோவுக்கு நிற்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவிலேயே நடந்தாள். பிடி இறுகிக்கொண்டே வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சண்டைக் காட்சி. நிஜமான சண்டைக்காரர்கள், நம் கண் முன்னால், ஒரு பெரிய கொட்டகைக்குள். பஸ் ஏறியதிலிருந்து பிள்ளைகள் நாங்கள் பேசிக்கொண்டு வந்தது இதைத்தான். கொட்டகை வாசலில் அம்மா நின்றுவிட்டாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கன நிக்கேன்."

அத்தை உதட்டைச் சுழித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று எனக்கு ஒரே ஆசைதான். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களைப் போல என் அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டும். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். தரையில் உட்காரப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள், கொட்டகைக் கதவைப் பார்த்தாள், வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

வாசல் ஓரத்து இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில்தான் இடம் கிடைத்தது. நடைபாதையை ஒட்டி அம்மா, அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் அத்தை, அப்பா. பெரியம்மா பின் வரிசையில். என் கை அம்மாவின் கைக்குள் இருந்தது. அது ஈரமாக இருந்தது. காவலாள்கள் கதவுகளைச் சாத்திக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டார்கள். விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கியில் இந்தியிலும் இங்கிலீஷிலும் என்னவோ சொன்னார்கள். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் கை தட்டினோம்.

மேடையில் ஒரு பழைய வீடு, ஒரு ஜீப், நாலைந்து முரடர்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. மூக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மருந்து வாசம் வருது."

"சினிமாக்காரன் எதையாவது கொளுத்துவான். பேசாம பாரு" என்றார் அப்பா.

"இது ரொம்பப் பக்கத்துல இருக்குங்க."

அவள் சொல்லி வாயை மூடவில்லை. மேடை வீடு வெடித்தது. கூரை வரைக்கும் தீ எழும்பியது. சூடு என் முகத்தில் அடித்தது, நான் உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது. கூட்டம் ஓவென்று கத்தி, உடனே அந்தக் கத்தல் சிரிப்பாகவும் கைதட்டலாகவும் மாறியது. நானும் சிரிக்கலாம் என்று அம்மா பக்கம் திரும்பினேன். என் கையைப் பிடித்திருந்த கை இல்லை. அம்மா இல்லை.

அந்த நொடியை எப்படிச் சொல்வது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. பயம் என்றால் அதுதான் பயம். வெடி என்னை ஒன்றும் செய்யவில்லை. வெடித்ததும் அம்மா என்னை உதறிவிட்டுப் போய்விட்டாள், அதுதான்.

அப்போது பக்கவாட்டில் ஒரு கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அம்மா நின்றாள், வாசலுக்கு அந்தப் பக்கம். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள்.

"பாப்பா, நான் வெளிய இருக்கேன். அம்மா வெளிய இருக்கேன். நீ வந்துரு."

மேடையில் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவின் குரல் அதையும் மீறிக் கேட்டது. அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காவலாள் ஒருவன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் பார்த்தான். அவள் காலை உள்ளே நீட்டி முட்டுக்கொடுத்தாள். கால் மட்டும்தான் உள்ளே வந்தது, அவள் வரவில்லை. வெளிச்சம் பட்டு ஆட்டம் கெடுகிறது என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். சிலர் சண்டைக்காரர்களை விட்டுவிட்டு அவளைச் செல்போனில் படம் எடுத்தார்கள்.

"அம்மா வெளிய இருக்கேன் பாப்பா. உள்ள இல்ல. வெளிய இருக்கேன்."

"தான் தப்பிச்சதுக்குத் தம்பட்டம் வேறயா" என்றாள் அத்தை.

நான் எழுந்திருக்கவில்லை. ஓடிப் போயிருக்கலாம், பத்தடி தூரம்கூட இருக்காது. ஆனால் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துவிட்டது. விட்டுவிட்டுப் போனவள்தானே வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்? வரட்டும். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலையே முறைத்துப் பார்த்தேன். அவள் அங்கிருந்து கத்தினாள். நான் இங்கிருந்து அழுதேன். அவள் உள்ளே வரவில்லை, நான் வெளியே போகவில்லை. இன்னொரு முறை மேடையில் வெடித்தது. அம்மாவின் உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டது, கதவைப் பிடித்த கை மட்டும் விடவில்லை. குரல் கம்மிப்போய், கடைசியில் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

அப்பாதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அவர் தோளில் கிடந்து உதைத்தேன். வாசலைத் தாண்டியதும் அம்மா என்னைப் பிடுங்கிக்கொண்டாள். என் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், பாதத்தைத் தடவினாள், தலைமுடியை மோந்து பார்த்தாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பது ஊருக்கே தெரியும். நான் அவளைத் தள்ளிவிட்டு அத்தையின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

டிக்கெட்டோடு சாப்பாடும் சேர்த்தி. ராஜா அரண்மனை மாதிரி கட்டியிருந்த ஒரு கூடத்தில் பிரியாணி, கத்திரிக்காய்க் குழம்பு, குட்டித் தட்டில் ஐஸ்கிரீம். அம்மா உள்ளே வரவில்லை. எதிரே இருந்த பொய்த் தெருவின் ஓரக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கொஞ்ச நேரம் அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றார், பிறகு அங்கே போய்விட்டார். பஸ்ஸில் வந்தவர்கள் காதில் விழுகிற மாதிரி அத்தை ஆரம்பித்தாள்.

"பெத்த பிள்ளைய விட்டுப்போட்டு ஓடுறவள இப்பத்தான் பாக்கேன். ஓடுனவ திரும்பி வந்து தூக்கவாச்சும் செஞ்சாளா? வாசல்ல நின்னு ஏலம் போடுதா."

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. என் மனசில் இருந்ததை அத்தை அப்படியே சொல்கிறாள் என்று ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே அவள் மேல் சாய்ந்தேன். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மதினி, நீங்க தெரியாம பேசுதீக."

"என்னத்த தெரியாம?"

"எங்க கடைக்குட்டி போன அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

கடைக்குட்டி என்றால் என் சித்தி. நான் தொட்டிலில் கிடந்தபோது கம்பெனியில் நடந்த விபத்தில் போனவள். போட்டோவில் பார்த்ததோடு சரி.

"இவளும் அவளும் ஒரே ரூம்ல இருந்தாக. பக்கத்து ரூம்ல சத்தம் கேட்டதும் இவ கிழக்கு வாசல்ல ஓடிட்டா, அவ மேக்கு வாசல்ல ஓடிட்டா. ரெண்டு பேரும் தப்பிச்சாச்சு மதினி. ரெண்டு பேரும் வெளிய நிக்காளுக, நடுவுல ரூமு. ஒரே புகை. அவ கண்ணுக்கு இவளத் தெரியல. அக்கா உள்ள மாட்டிக்கிட்டான்னு திரும்ப உள்ள போயிட்டா. நான் தூரத்துல இருந்து பாத்தேன், எட்டிப் பிடிக்க முடியல. இவ அந்தப் பக்கம் வாயடைச்சுப் போயி நின்னுருக்கா. வெளிய இருக்கேன்னு ஒத்தச் சத்தம் குடுத்திருந்தா அவ..."

பெரியம்மா அதோடு நிறுத்திக்கொண்டாள். அத்தை பிசைந்த பிரியாணியில் கையை வைத்தபடியே இருந்தாள். பிறகு அத்தை எழுந்து கையைக் கழுவினாள். ஒரு தட்டில் பிரியாணியும் தயிர்வெங்காயமும் வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மா உட்கார்ந்திருந்த ஓரக்கல்லுக்கு நடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொன்னாளோ, இங்கிருந்து கேட்கவில்லை. அம்மா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தையும் கட்சி மாறிவிட்டாள்.

பொழுது சாயும் நேரம் பஸ் ஏறினோம். அம்மா வழக்கம்போல முன் கதவை ஒட்டி உட்கார்ந்தாள், பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தாள். அதைப் பார்க்காத மாதிரி நான் கடைசி சீட்டுக்குப் போனேன். போர்மேன் ஒவ்வொரு வரிசையாகத் தலையை எண்ணிக்கொண்டு வந்தார். அப்போது முன்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள். கம்மிய குரலில் பாதிக்குக் காற்றுதான் வந்தது.

"பாப்பா, அம்மா முன்னால இருக்கேன்."

இருந்தால் இரு என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரியம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழுந்திருந்தது. ஆனால் என் மனசில் சித்தி செத்துப்போனது ஒரு கதையாகவும், அம்மா என்னை விட்டுவிட்டு ஓடியது வேறொரு கதையாகவும் கிடந்தன. அன்று கொட்டகை வாசலில் நின்று தொண்டை கிழிய அவள் கத்தியதெல்லாம் சித்தியிடம் சொல்ல முடியாமல் போன வார்த்தை என்று பஸ் கிளம்பும்போது எனக்குத் தெரியாது.