காலருக்குள் சிவப்பு நூல்

இன்று ஒரு நீலக் கோட் வாங்கினேன். அந்தக் கால மருத்துவமனை ஊழியர்களின் சீருடையைப் பார்த்து ஒரு ஜப்பான் கொம்பனி புதிதாகத் தைத்தது. இப்போது மொன்றியலில் இதுதான் ஸ்டைல்.

காலரின் உட்புறத்தில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு குறுக்குத் தையல் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கொம்பனிக்குக் கிடைத்த பழைய கோட்டில் அப்படித்தான் இருந்ததாம். ஒரு தையலைக்கூட மாற்றவில்லை" என்றாள் கடையில் நின்ற பெண், பெருமையாக. அந்தப் பெருமை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு லாசாலில் வேலை, மருத்துவமனைத் துணிகள் தோய்க்கும் லோண்டரியில். பதினொரு வருடமாகிறது.

அவள் கை நேரே காலருக்குத்தான் போனது.

"ஏனப்பா இதை வாங்கினனீங்கள்? கறை போகாத உடுப்புக்குத்தான் நாங்கள் இப்பிடிச் சிவப்பு நூல் போடுறனாங்கள். கழிச்சு விட்டதெண்டு அர்த்தம்."

"பேந்து அதை என்ன செய்வியள்?"

"வெட்டி நிலம் துடைக்கிறது."

நூலைப் பிரிக்கக் கத்தரிக்கோல் எடுத்தாள். நான் விடவில்லை. அதுதான் கோட்டின் அழகே என்றேன்.

"சரி, போடுங்கோ. ஆனா என்னை ஏத்த வரேக்க போடாதேங்கோ. என்னோட வேலை செய்யிற பெட்டையள் கண்டால் கோட்டை வெட்டிப்போடுவாளவை" என்றாள். சிரிக்கவில்லை.

நாளை மாலை அவளை ஏற்றிவர வேண்டும். எனக்கோ கோட்டைக் கழற்ற மனமில்லை. லாசால் பக்கம் கார் ஓடும் நண்பர்கள் யாராவது இருந்தால் கீழே கொமென்றில் சொல்லுங்கள்.