பறக்காத விமானத்தின் வயிறு

ஓஸ்லோவின் கிழக்கோரம், எல்லிங்ஸ்ருட். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் பழைய சாமான் சந்தை நடக்கிறது. ஒரு மேசையில், ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒன்று பிரிக்காத பெட்டியோடு கிடக்கிறது. இரவில் எதிரி விமானங்களை வேட்டையாட, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி வரைந்த ஜெட் அது. வரைந்ததோடு சரி, ஒன்றைக்கூடச் செய்யவில்லை. ஆனாலும் பெட்டிப் படத்தில் அது இரண்டு பிரிட்டிஷ் விமானங்களைச் சுட்டு வீழ்த்திவிட்டு மூன்றாவதைத் துரத்துகிறது.

தலை நரைத்த நார்வேக்காரர்கள் இருவர், அதன் வயிற்றின் நிறம் சாம்பலா வெளிர்நீலமா என்று கால் மணி நேரமாக மல்லுக்கு நிற்கிறார்கள். கடைசியில் சாம்பல் கட்சி ஜெயித்து, பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறது.

மேசையைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்துக்காரர் நேசனிடம், “செய்யவே செய்யாத விமானத்துக்கு ஏதுண்ணா கலரு?” என்று சிரிக்கிறேன்.

காலியான இடத்துக்கு ஒரு வாஃபிள் சுடும் சட்டியை நகர்த்தியபடி அவர் சொல்கிறார்: “இஞ்சை வந்த புதுசிலை அகதி விசாரணையிலை என்னைக் கேட்டவை தம்பி, உங்கடை வீட்டுக்குக் குண்டு போட்ட பொம்பர் என்ன நிறம் எண்டு. பங்கர் குழிக்குள்ளை குப்புறக் கிடந்தனான், பாக்கேல்லை எண்டு சொன்னன்.”

“அப்புறம்?”

“நம்பேல்லை.”