ஜெரேனியம் நட்ட தலைக்கவசம்

எர்லன்ரீட் கிராமத்தில் தீயணைப்பு வேலைக்குச் சம்பளம் கிடையாது. சங்கு ஊதினால் ரொட்டிக் கடைக்காரரும் வாத்தியாரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டிய கெர்லிண்டேவும் அப்படி ஓடியவள்தான். பேருந்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தீயணைப்பு வண்டியை அவள் விடவில்லை. ஆனால் அறுபத்தைந்து வயதானால் அதில் ஏறக்கூடாது என்பது சட்டம்.

பிறந்தநாள் புதன்கிழமை. வேலைநாளில் யார் வருவார்கள் என்று, முந்தின சனிக்கிழமையே பிரிவு விழா வைத்துவிட்டார்கள். அவளுடைய தலைக்கவசத்தைக் கவிழ்த்து, மண் நிரப்பி, சிவப்பு ஜெரேனியம் பூச்செடி நட்டுப் பரிசாகக் கொடுத்தார் தலைவர் ரூபெர்ட். எல்லோரும் பீர்க் கோப்பையைத் தூக்கிச் சிரித்தார்கள். கெர்லிண்டே மட்டும் கோப்பையைக் கீழே வைத்தாள். இனிமேல் சங்கு ஊதினால் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பதா?

"பிறந்தநாளுக்கு முன்னாடி வாழ்த்துனா ஆகாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், எவன் கேட்டான்?" என்று கணவர் வின்ஃப்ரீட் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

செவ்வாய் மதியம் சங்கு ஊதியது. பழக்க தோஷம், ஜன்னலில் இருந்த தலைக்கவசத்தைச் செடியோடு அள்ளிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு தெருவில் ஓடினாள் கெர்லிண்டே. வீட்டுக்கு எதிரே இருந்த தீயணைப்பு வண்டிக்கொட்டகை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்த ஆன்யா மூச்சிரைக்க வந்து திறப்பதற்குள் பொன்னான நேரம் போய்விட்டது. கூட இன்னும் இரண்டு பேர்தான். மற்றவர்கள் நகரத்து வேலையில் இருந்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்கும் பெரிய வண்டி ஓட்ட உரிமம் இல்லை.

வயலிலிருந்து நேரே தீ எரிகிற இடத்துக்குப் போய்விட்ட ரூபெர்ட் போனில் கத்தினார். "மோஸர் வீட்டு வைக்கோல் எரியுது, அடுத்த தொழுவத்துல கன்னுக்குட்டிங்க இருக்கு. வண்டி எங்க?"

"நான் எடுத்துட்டு வர்றேன்."

"கெர்லி, உனக்குத்தான் விழா எடுத்து அனுப்பிட்டோமே!"

"விழாதான முடிஞ்சுது? நான் நாளைக்குத்தான் கெழவி. இன்னிக்கு ராத்திரி வரைக்கும் அறுபத்துநாலு."

"அப்ப கெளம்பு சீக்கிரம்" என்றார் ரூபெர்ட்.

செடியைப் பிடுங்கி ஆன்யா கையில் திணித்தாள். மண்ணைக் கொட்டிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டினாள். வண்டி உறுமியதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. தொழுவத்தின் கூரையைத் தீ தொடுமுன் தண்ணீர் பாய்ந்தது. கன்றுகள் அத்தனையும் பிழைத்தன.

திரும்பி வந்ததும், அவள் தலைமுடியிலிருந்து மண் உதிர்வதைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்த ரூபெர்ட் சொன்னார்: "நாளையிலேருந்து வண்டி உனக்கில்ல, கெர்லி. அது சட்டம். ஆனா கதவத் தெறக்க வயசு வரம்பு எதுவும் போடல. எதுத்தாப்புல இருக்கிறவ நீதான்." கொட்டகைச் சாவியை அவள் கையில் வைத்தார்.

சனிக்கிழமை மதியம், வாராவாரம் ஊதும் சோதனைச் சங்கு ஊதியது. ஊரில் யாரும் அசையவில்லை. கெர்லிண்டே மட்டும் சூப்புக் கரண்டியோடு ஓடினாள்.

"ஏய், அது வெறும் சோதனை!" என்றார் வின்ஃப்ரீட்.

"கதவுக்கும் சோதனை வேணாமா?" என்றாள் அவள், இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தபடி.