குடத்தின் காது

பெலார்மினோ த்ரூஹீயோவை அடக்கம் செய்த அன்று பாதிரியார் பிரசங்கத்தில் அவரை "வானத்தை நேசித்தவர்" என்று சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தொரு வருஷம் இந்த மலைச்சாலையில் பனி தள்ளிய மனுஷனைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதானா கிடைத்தது? பாதிரியார் ஊருக்குப் புதியவர், அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததை நான் சொல்லாமல் போனால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஊர் சௌசாலில் அவர் வீடும் என் வீடும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சின்ன வயதில் அதே வாய்க்காலில் தவளை பிடித்தவர்கள் நாங்கள். அப்போது வாடா போடாதான். என் மகன் நெஸ்டருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர் அவர். அன்றோடு வாடா போடா முடிந்தது. பிள்ளையைப் பெற்றவளும் பிள்ளையை ஏந்தியவரும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நான் அவருக்குக் கொமாத்ரே, அவர் எனக்குக் கொம்பாத்ரே. நீங்க, வாங்க என்றுதான் பேச வேண்டும். மனஸ்தாபம் என்பதே வரக் கூடாது. தவளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் துரத்தியவனை நான் "நீங்க" என்றபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கடைசிவரை மாற்றவில்லை.

அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவி ஒர்த்தென்சியா சீக்கிரமே போய்விட்டாள். பிள்ளை என்று இருந்தது நெஸ்டர் ஒருவன்தான். அந்த நெஸ்டரையும் நான் துரத்தினேன். அவன் அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, எதற்கோ வாக்குவாதம். "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்பதுகூட இன்று மறந்துவிட்டது, சொன்ன சொல் மட்டும் மறக்கவில்லை. அன்றிரவே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்றில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார், அப்புறம் அதுவும் இல்லை. மறுநாள் சாயங்காலம் வாசல் விளக்கைப் போட்டேன். பெரிய பல்பு, நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். ஒரு ராத்திரி அணைத்ததில்லை. பல்பு போனால் மாற்ற எப்போதும் இரண்டு அலமாரியில் இருக்கும்.

கொம்பாத்ரேக்கு வானத்துப் பைத்தியம் பிடித்தது கணவாயில். பனி தள்ளும் லாரி நின்றுபோய், ஆள் வரும்வரை மூன்று மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். அந்தக் கோடையில் யாரோ பழசாக விற்ற தொலைநோக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஆள் நிற்கிற அளவு பெரிதான தன் கோழிக் கூண்டைக் காலி செய்து, கூரைக்குச் சக்கரம் வைத்து, தள்ளினால் திறக்கும்படி ஆக்கினார். ஊரே சிரித்தது. "கோழிக்குப் பதிலா இவரு முட்டை போடப் போறாரா?" என்று நானும் கேட்டேன்.

காலையில் என் அடுப்படிக்கு வந்து காபி குடித்துக்கொண்டே அந்த வேலையைச் சொல்வார்.

"ஒரு படம் அஞ்சு நிமிஷம், கொமாத்ரே. எடுத்துப் பார்த்தா கரி மாதிரி இருக்கும், ஒண்ணும் தெரியாது. அந்த மாதிரி இருநூறு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். அப்பத்தான் எங்கேயோ இருக்கிற நட்சத்திர மண்டலம் மெல்ல எழும்பி வரும்."

"ரொட்டி அடுக்குற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அடுக்கி வச்ச ரொட்டியைத்தான் பேசிக்கிட்டே தின்னு தீர்த்துட்டீங்களே!"

சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துப் பச்சை மிளகாய்க் குழம்பில் தோய்ப்பார். "நடுவுல விமானம் போகும், செயற்கைக்கோள் போகும். அதெல்லாம் ஒரு படத்துல வரும், அடுத்ததுல வராது. கணினி அதைப் பொறுக்கி வெளியே போட்டுடும். எல்லாப் படத்துலயும் எது விடாம இருக்கோ, அதுதான் நிஜம்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு மண்டலத்தின் மேல் அவருக்கு ஆசை விழுந்தது. அதற்குப் பேர் கூடக் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். வசந்தத்தில் கிழக்கே, என் வீட்டுக் கூரைக்கு மேலே எழும்பும். பனி வேலை முடிகிற காலம், அவருக்கும் தோது. ஒருநாள் தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"கொமாத்ரே, நிலா இல்லாத பத்து நாள் மட்டும்..."

"முடியாது."

"நான் இன்னும் சொல்லி முடிக்கலையே."

"விளக்கைத்தானே சொல்ல வர்றீங்க? அந்தப் பத்து நாள்ல ஒரு நாள் உங்க ஞானப் பிள்ளை வந்து, ரோட்டுலேருந்து இருட்டைப் பார்த்துட்டு, அம்மா போய்ச் சேர்ந்துட்டான்னு வண்டியைத் திருப்பிட்டா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பிள்ளையை ஏந்திய கை அவருடையதும்தானே.

அடுத்த வாரம் பன்றிக்கொழுப்பு வரும் தகர வாளியைப் பாதியாக வெட்டி, உள்ளே கறுப்பு அடித்து, கொக்கி வைத்துக் கொண்டுவந்தார். "இதை விளக்கு மேல மாட்டுனா வெளிச்சம் கீழ மட்டும் விழும். படி தெரியும், கதவு தெரியும்."

"ரோட்டுலேருந்து தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதுக்கு?"

அந்த வாளியில் நான் கோழிக்குச் சோளம் போட்டு வைத்தேன். வருகிற போகிறபோதெல்லாம் அவர் அதைப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கூண்டுக்கு என் வீட்டுப் பக்கம், விளக்கு மறைய, பலகை அடித்து, பட்டாளத்துக் கம்பளி இரண்டைத் தொங்கவிட்டு, அதுவே போதும் என்று வேலையை ஆரம்பித்தார்.

இரண்டு வசந்தம் எடுத்தார். காற்று அடிக்கும் ராத்திரி போக, மேகம் மூடும் ராத்திரி போக, முப்பத்தெட்டு ராத்திரி கிடைத்தது. மே மாசம் ஒரு காலையில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. கையில் ஒரு பெரிய தாள். கறுப்பில் ஊசி மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று. அதன் ஒரு பக்கத்தில், பார்த்தும் பாராத மாதிரி, மெல்லிய வளைவு ஒன்று.

"குடத்துக்குக் காது வச்ச மாதிரி இருக்கே" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் காபி மேஜையில் சிந்தியது. "காதுதான்! காதேதான்! கொமாத்ரே, இதை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. பெரிய மண்டலம் ஒண்ணு பக்கத்துல இருந்த சின்னதைக் கிழிச்சுத் தின்னிருக்கு. மிச்சம் கிடக்கிற நூல் இது."

"யாருமே பார்த்ததில்லையா?"

"இருக்கிற படமெல்லாம் தேடிட்டேன். யாரும் இல்ல." சிந்திய காபியை அவரே துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "இருபத்தேழு வருஷமா பனி தள்ளுறேன். காலையில தள்ளினது சாயங்காலம் திரும்ப விழும். பெலார்மினோ தள்ளுனதுன்னு காட்ட ஒரு அடி ரோடு கிடையாது. இது ஒண்ணு நின்னுட்டா போதும்."

ஒர்த்தென்சியாவின் அடக்கத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு அல்புகர்க்கி நகரத்துக்குப் போனார். அங்கே இவரைப் போன்றவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வெர்னா என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அதற்குத் தலைவி. இவர் படத்தைக் காட்டியதும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். ஆனால் வேறொருவர் வேறொரு இடத்திலிருந்து எடுத்து, அதிலும் காது தெரிந்தால்தான் நம்புவார்கள். அது அவர்கள் முறை. "அடுத்த வசந்தம் நாங்க எடுக்கிறோம்" என்றாளாம் வெர்னா. அந்த ஒரு வருஷம் அவர் நடந்த நடை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பனி தள்ளும் லாரியைக்கூட மாப்பிள்ளை குதிரை ஓட்டுவதுபோல ஓட்டினார்.

மறு வசந்தத்தில் வெர்னாவும் இன்னொருவரும் தனித்தனியாக எடுத்தார்கள். இருவர் படத்திலும் ஊசி இருந்தது. காது இல்லை.

அதை அவர் என்னிடம் சொன்னது வாய்க்கால் கரையில், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு. "தொலைநோக்கிக் குழாய்க்குள்ள ஒரு திருகாணிக்குக் கறுப்பு அடிக்காம விட்டிருக்கேன். அது பளபளத்து, படத்துல வளைவா விழுந்திருக்கு. என் தப்புதான். சங்கத்துக்கு அப்படியே எழுதிப் போட்டுட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், கொமாத்ரே."

இருட்டில் ஒரு திருகாணி எதைக் கண்டு பளபளக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு கோழிக் கூண்டின் கூரை திறந்து நான் பார்க்கவில்லை. சங்கத்துக்கும் போகவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. என் வாய் சும்மா இருக்கிற வாயும் இல்லை. "ஒரு திருகாணிக்காக யாராவது இப்படி உக்காருவாங்களா? என்னைப் பாருங்க, பதினோரு வருஷம், ஒரு ராத்திரி விட்டிருக்கேனா? பாதியில விட்டுட்டுப் போற ஆளா நீங்க?" என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, பார்க்கும்போதெல்லாம். நான் நல்லதற்குத்தான் சொன்னேன்.

"உங்களை மாதிரி எல்லாராலயும் முடியுமா, கொமாத்ரே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்ததா என்று இப்போதும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இல்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது குளிர்காலம், பிப்ரவரியில், கணவாயில் லாரி ஓரமாக நின்றிருந்தது. பனி தள்ளும் தகட்டைத் தூக்கி வைத்து, சாலையை மறிக்காமல் ஒதுக்கி நிறுத்திய பிறகுதான் அவர் இதயம் நின்றிருக்கிறது. சடலத்தின் பக்கத்தில் ஜெபமாலை சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் சோளமும் இறைச்சியும் போட்டுப் பொசோலே காய்ச்சினேன். ஞானப் பிள்ளை வரவில்லை. அவனுக்கு யார் போய்ச் சொல்வது?

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வெர்னா வந்தாள். கொம்பாத்ரே தொலைநோக்கியைச் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். வெர்னாவுக்கு நரைத்த முடி, காலில் குளிருக்குப் பழகாத மெல்லிய செருப்பு. அடுப்பருகே உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். அவள் கையில் அவர் எழுதிய நாலைந்து நோட்டுப் புத்தகம் இருந்தது. ஊரார் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை மரியாதையாகத் தோன்யா லாலா என்றாள்.

"தோன்யா லாலா, இதுல உங்க வீட்டைப் பத்தி எழுதியிருக்கார். நெஸ்டர்ங்கிறது யாரு?"

"ஏன்?"

"ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு வரி இருக்கு. கேளுங்க. 'ஏப்ரல் ஒன்பது. தெளிவு. காற்று இல்லை. நெஸ்டரின் விளக்கு எரிகிறது.' 'ஏப்ரல் பத்து. லேசான மேகம். நெஸ்டரின் விளக்கு எரிகிறது.' எல்லா ராத்திரியும் இப்படித்தான்."

எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரி எங்கே இருக்கிறது, விரலை வைத்துக் காட்டு என்றேன். காட்டினாள். பக்கம் பக்கமாகக் காட்டினாள்.

அப்புறம் கொஞ்சம் தயங்கினாள்.

"பாதியில நிறுத்தாதம்மா. படி."

"'விளக்கு முழுசாக மறையும்படி கம்பளியை ஒரு முழம் உயர்த்திக் கட்டிவிட்டு எடுத்தேன். காது இல்லை. கம்பளியைப் பழையபடி இறக்கினேன். காது வந்தது. விளக்குதான். கொமாத்ரேக்குத் தெரியக் கூடாது.'" வெர்னா நோட்டை மூடினாள். "எங்களுக்குத் திருகாணின்னுதான் எழுதினார். திருகாணி இருந்தது உண்மை. ஆனா அதுல பட்ட வெளிச்சம் உங்களோடது."

"எல்லாப் படத்துலயும் விடாம இருக்கிறதுதான் நிஜம்னு சொல்வாரே" என்றேன்.

"ஆமா. அதான் சிக்கல். பாதி ராத்திரியாவது அந்த விளக்கு எரியாம இருந்திருந்தா, கணினியே அதைத் தூக்கி வெளியே போட்டிருக்கும். அது ஒரு ராத்திரிகூடத் தவறல."

நான் எழுந்து போய் அடுப்பில் விறகு வைத்தேன். வைக்க வேண்டிய அவசியம் இல்லை. பதினோரு வருஷம், ஒரு ராத்திரி விட்டிருக்கேனா? அந்த வாயால்தான் அவரைக் கேட்டேன். கொம்பாத்ரேக்கும் கொமாத்ரேக்கும் நடுவில் மனஸ்தாபம் வரக் கூடாது என்று அவர் எல்லாம் தன் தப்பு என்று சங்கத்துக்கு எழுதித் தன் மானத்தை விட்டுக்கொடுத்தார். நான் அவரைப் பாதியில் விடுகிற ஆள் என்றேன்.

அன்று சாயங்காலம் கோழி வாளியிலிருந்த சோளத்தைக் கொட்டிவிட்டு, கழுவித் துடைத்தேன். உள்ளே அடித்த கறுப்பு இன்னும் போகவில்லை. என் மகள் வயிற்றுப் பேத்தி மரிஸா ஏணியில் ஏறி விளக்கின் மேல் மாட்டினாள். கொக்கி, அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அளவெடுத்துத்தான் செய்திருக்கிறார்.

"நெஸ்டர் மாமா ரோட்டுலேருந்து பார்த்தா தெரியாதே, பாட்டி?"

"இறங்கு. இறங்கி வந்து பேசு."

வெர்னா ஏப்ரலில் மறுபடி வந்து, ஒரு வாரம் அவர் கோழிக் கூண்டிலேயே தங்கி, அதே மண்டலத்தை எடுத்தாள். போகும்போது படத்தைத் தாளில் போட்டு எனக்குக் கொண்டுவந்தாள். சுத்தமான படம். கறுப்பில் ஊசி, கூர்மையாக. பக்கத்தில் ஒன்றும் இல்லை. கீழே பெலார்மினோவின் பேரை எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

"நல்லா இருக்கு. அந்தப் பழசு உன்கிட்ட இருக்கா?"

"எது, காது இருக்கிறதா? அது தப்பான படம், தோன்யா லாலா."

"தப்பாவே இருக்கட்டும். அதைக் கொடு."

அவள் வாதாடிப் பார்த்தாள். ஆசிரியை அல்லவா. பிறகு வண்டிக்குப் போய், பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தாள். மரிஸா அதைக் சுவரில் குவாதலூப்பே மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வெர்னாவின் படத்தை அலமாரியில், மிச்ச பல்பு இரண்டின்மேல் வைத்திருக்கிறேன். காலையில் காபி குடிக்கும்போது சுவரில் இருப்பதைப் பார்ப்பேன். அவர் எடுத்தது அதில் இருக்கிறது, நான் ஏற்றிய விளக்கும் இருக்கிறது. நெஸ்டர் வந்தால் முதலில் அதைக் காட்டுவேன்.