ஜெபம் முடியும்வரை லைன் பிஸி

கள்ளக்குறிச்சியில் சின்னதாக ஒரு சபை நடத்துகிற பாஸ்டரின் கையில் வேதாகமத்தைவிட அதிக நேரம் இருப்பது செல்போன்தான். வாசல் போர்டில் 'ஜெபத்துக்கு அழைக்கவும்' என்று நம்பரைப் போட்டுவிட்டால், அப்புறம் குளிக்கிற நேரம்கூட நம்முடையதில்லை. என்னைப் போல நம்பரைப் போட்டுவிட்டு முழிக்கிற சக ஊழியக்காரர்களே, பச்சையம்மாளின் விஷயத்தைக் கேளுங்கள். புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

உள்ளே வராத விசுவாசி

பச்சையம்மாள் கல்வராயன் மலைக்காரர். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் போர்டைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, வாசலிலேயே நின்றார். கணவர் அண்ணாமலை குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார். தினமும் கூப்பிடுகிற மனுஷனிடமிருந்து மாசக்கணக்காகப் போன் இல்லை. கூடப் போனவர்களும் வேறு தோட்டத்துக்குப் பிரிந்துவிட்டார்கள். இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியவில்லை. சொல்லும்போது அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உள்ளே வாங்கம்மா, ஜெபிக்கலாம் என்றேன். வரமாட்டாராம், ஆனால் ஜெபம் வேண்டுமாம். இப்படி ஒருவரை விசுவாசி என்பதா, இல்லை என்பதா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கையில் அவரே தெளிவுபடுத்தினார்: "எங்க மலைச் சாமி கரியராமருக்கும் வேண்டிக்கினுதான் இருக்கேன், தப்பா நெனைக்காதீங்க ஐயா. யாரு மொதல்ல கேக்குறாங்களோ கேக்கட்டும்."

தொட்டியடி ஆராதனை

அவர் ஊரில் தண்ணீர்த் தொட்டி அடியில் மட்டும்தான் சிக்னல். அண்ணாமலை வழக்கமாகச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவார் என்பதால், பச்சையம்மாள் ஆறு மணிக்குப் போனோடு அங்கே வந்துவிடுவார். அந்த நேரத்திலேயே எனக்கும் ஒரு போன் போட்டுவிடுவார். நான் கண்ணை மூடி ஜெபிப்பேன். என் ஜெபம் கொஞ்சம் நீளம்தான். ஆபிரகாமில் ஆரம்பித்து, யோசேப்பைக் குழியிலிருந்து தூக்கி, பார்வோனைத் தாண்டி வருவதற்குள் எதிர்முனையில் சத்தம் இருக்காது. பக்தியில் உருகிப்போய் அமைதியாக இருக்கிறார் என்று நினைத்து இன்னும் உருக்கமாக ஜெபிப்பேன். ஒருநாள் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் போன் எப்போதோ கட்டாகியிருந்தது.

பாதியில் கட்டான ஜெபம் செல்லுமா, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? வேதாகமக் கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. மறுநாள் அவரே தீர்ப்புச் சொன்னார்: "ஆமென் இல்லாம நேத்து ராவெல்லாம் தூக்கம் வரல. மொதல்ல நேத்தி ஆமென சொல்லிட்டு இன்னிக்கிது ஆரம்பிங்க."

கீக் கீக்

ஒரு சாயங்காலம் சிக்னல் அற்புதமாக இருந்தது. விட்ட குறைக்கெல்லாம் சேர்த்து ஜெபித்தேன். 'இந்தச் சகோதரி தன் கணவரின் குரலைக் கேட்கும்படி செய்யும் ஆண்டவரே' என்று நான் மன்றாடிய நேரத்தில் எதிர்முனையில் நடுநடுவே கீக் கீக் என்று ஏதோ சத்தம். அவர் போனில் பேட்டரி கம்மியாகிவிட்டது போலிருக்கிறது என்று ஜெபத்தை அவசரமாக முடித்தேன். அவசரமாக என்றால், என் கணக்குப்படி.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். நாங்கள் ஜெபத்தில் இருந்தபோது அவருக்கு ஏதோ புது நம்பரிலிருந்து திரும்பத் திரும்பப் போன் வந்திருக்கிறது. முடித்த பிறகு அந்த நம்பருக்கு அடித்தால் யாரோ கன்னடத்தில் பேசி வைத்துவிட்டார். குடகிலும் கன்னடம்தானே பேசுவார்கள்! ஏம்மா எடுக்கவில்லை என்று கேட்டேன். "நீங்க சாமிகிட்ட பேசிக்கினு இருக்கசொல்லோ நடுவுல எப்படிங்க ஐயா போன வெக்கிறது?"

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. குரலைக் கேட்கட்டும் என்று கேட்டது நான். கேட்கவிடாமல் செய்ததும் நானேதானா? மறுநாள் ஆறு மணிக்குப் போன் வருமா என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். வந்தது. கோபம் இல்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது. "இன்னிக்கு ஆமென் மட்டும் சொல்லுங்க ஐயா. மீதி சாமிக்கே தெரியும்."

வாசலில் ஒரு விசாரணை

அந்த வாரமே சபை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். தாடி, தோளில் பை, கண்ணில் கோபம். அவருக்குப் பின்னால் பச்சையம்மாள், சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு. அண்ணாமலைதான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கோ வேறு விஷயம். அவர் போன் தோட்டத்துத் தொட்டியில் விழுந்து போய்விட்டது. நம்பர் மனப்பாடம் இல்லை. கடைசியில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்து நம்பர் வாங்கி, மேஸ்திரியின் போனிலிருந்து ஆறு மணிக்குக் கூப்பிட்டால், கூப்பிடக் கூப்பிட லைன் பிஸி. "எனக்கோசரம் காத்துக்கினு இருக்கவேண்டியவ அவ்ளோ நேரம் யார்கிட்ட பேசிக்கினு இருந்தான்னு கேக்கத்தான் பஸ் ஏறினேன். எம் பொண்டாட்டிகிட்ட இன்னா பேசினீங்க?"

நீங்கள் வீடு திரும்ப வேண்டும் என்றுதான் ஜெபித்தேன் என்றேன். "அத்த சுருக்கா முடிச்சிருந்தா போன எடுத்திருப்பாளே!" என்று அவர் கத்தினார்.

பச்சையம்மாள் முந்தானையை எடுத்தார். இப்போதுதான் அந்த முகத்தில் கண்ணீரைப் பார்த்தேன். "எடுத்திருந்தா நல்லாருக்கேன்னு சொல்லிட்டு அங்கியே கெடந்திருப்ப. வந்திருக்க மாட்ட."

அன்று ஆண்டவர் கேட்டது என் ஜெபத்தையா, அதை நான் முடிக்காமல் இழுத்ததையா என்று தெரியாமலேயே ஞாயிறுதோறும் பிரசங்க மேடை ஏறிக்கொண்டிருக்கிறேன்.